பலாமரத்து ஊடு

மூன்று வருடங்களுக்கு முன்னால், தை மாதம், காப்பிப் பழம் பறிக்கிற காலம். ஏற்காட்டு மலையில் கொட்டச்சேட்டுக்குப் பக்கத்தில் ஓர் எஸ்டேட்டில் நானும் என் மனைவியும் வேலையில் இருந்தோம். அந்த மாதத்தில் ஒரு நாள் மத்தியானம், சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், என் மனைவியை நான் பறிகொடுத்திருப்பேன். பறிகொடுக்கவில்லை. அது எப்படி என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஐந்தாவது வரை படித்தவன். படிப்பு குறைவு என்பதைவிடப் பெரிய குறை ஒன்று எனக்கு உண்டு. புது ஆட்களைக் கண்டால் பேச்சு வராது. பஸ்ஸில் இறங்கும் இடம் வந்த பிறகும் “நிறுத்துங்க” என்று சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஊரில் இறங்கித் திரும்பி நடந்து வந்திருக்கிறேன். எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் எதைக் கேட்டாலும் தலையாட்டுவேன். “உங்க தலைய எவனோ ஸ்பிரிங்குல மாட்டி உட்டுட்டானுங்க” என்று என் மனைவி சிரிப்பாள். வீட்டுக்கு வேண்டிய பேச்சையெல்லாம் அவள்தான் பேசுவாள். ரேஷன் கடை, பள்ளிக்கூடம், சந்தை எல்லா இடத்திலும் அவள் முன்னால் போவாள், நான் பின்னால் பையோடு நிற்பேன்.

நாங்கள் மலையாளிகள். கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். இந்தச் சேர்வராயன் மலையிலேயே பிறந்து வளர்ந்த மலைவாசிகளுக்கு அதுதான் பெயர். எங்களுடையது சின்ன ஊர். பஸ் போகிற ரோட்டை விட்டு இறங்கி, மிளகுக் கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் நடந்தால் வரும். வீடுகளுக்குக் கதவு எண் இருக்கிறது, ஆனால் யாருக்கும் தெரியாது. தொட்டிக்கார ஊடு, மேட்டு ஊடு, பலாமரத்து ஊடு என்று சொன்னால்தான் தெரியும். பலாமரத்து வீடு என்னுடையது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். மலை உச்சியில் இருக்கிற சாமியின் பெயரை ஆண்பிள்ளைகளுக்கு வைப்பது எங்கள் வழக்கம். ஊருக்குள் வந்து அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்போம். என் பெயரும் அதுதான்.

எங்கள் ஊருக்கு வந்து எங்களை எழுதிக்கொண்டு போனவர்கள் நிறையப் பேர். எத்தனை பிள்ளை, என்ன சாப்பாடு, என்ன சீக்கு என்று கேட்பார்கள், எழுதுவார்கள், போவார்கள். அதற்குப் பிறகு அவர்களையும் பார்க்க மாட்டோம், எழுதியதையும் பார்க்க மாட்டோம். அதனால் அரசாங்க ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்சம்மா, விரலால் தட்டி எழுதுகிற சிலேட்டு மாதிரி ஒரு டேப்போடு முதல் முறை வந்தபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சேலத்துப் பக்கம் கீழ்நாட்டுப் பெண். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். ஸ்கூட்டரை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, மழையில் காலில் ஏறிய அட்டைப்பூச்சியைத் தட்டிவிட்டுக்கொண்டே வந்து, எங்கள் பலாமரத்தடிக் கல்லில் உட்கார்ந்தார்.

எங்கள் பக்கத்து வீட்டு அத்தைக்கு வாய் நீளம். “எழுதிக்க கண்ணு, எழுதிக்க. போன வருசம் ஒருத்தி எழுதிட்டுப் போனா. அதுக்கு முந்தி ஒருத்தன். எழுதி எழுதி எங்க மூட்டுவலி ஒண்ணும் கொறையல” என்றது.

“அவங்க எழுதுனத உங்ககிட்டப் படிச்சுக் காட்டுனாங்களா அத்தை?” என்று நர்சம்மா கேட்டார்.

“எங்களுக்கு எதுக்குக் காட்டறாங்க?”

“நான் காட்டறனுங்க. தப்பா இருந்தா என்னை வையுங்க.”

சொன்னபடியே எழுதியதைப் படித்துக் காட்டினார். அத்தைக்கு எழுபது வயது என்று படித்தார். அவ்வளவுதான். “எழுபதா? எவ சொன்னா எழுபதுன்னு? நான் உன்ற கண்ணுக்கு எழுபது மாதிரியா தெரியறன்?” என்று அத்தை எழுந்துவிட்டது. பிறகு எல்லோரும் கூடி உட்கார்ந்து, யார் கல்யாணத்துக்கு யார் கைப்பிள்ளை என்று கணக்குப் போட்டார்கள். கடைசியில் அத்தைக்கு இன்னும் இரண்டு வயது கூடத்தான் வந்தது. “அட, நீ எழுதுனதே இருக்கட்டும் சாமி” என்று உட்கார்ந்துகொண்டது. ஊரே சிரித்தது. நர்சம்மாவும் சிரித்தார். ஆனால் சரியான வயதைத்தான் எழுதினார்.

அந்த அம்மா திரும்பி வந்தார். வந்துகொண்டே இருந்தார். அதுதான் முதல் ஆச்சரியம். இரண்டாவது, எழுதியதை வைத்து என்ன செய்தார் என்பது. என் மனைவிக்கு ரத்தக் கொதிப்பு இருப்பதை அவர்தான் கண்டுபிடித்து மாத்திரைக்கு ஏற்பாடு செய்தார். பழம் பறிக்கிற காலத்தில் நாங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு எஸ்டேட்டில் கூலியாட்களுக்குக் கட்டிவிட்டிருக்கிற லயன் வீடுகளுக்குப் போய்விடுவோம். மாத்திரை கொண்டுவருகிறவர்கள் பூட்டிய கதவைப் பார்த்து “ஆள் இல்லை” என்று எழுதிவிட்டுப் போவார்கள். அந்த மாதங்களில் மாத்திரை நின்றுவிடும். டேப்பில் வருடா வருடம் அதே மாதங்கள் காலியாக இருப்பதைப் பார்த்து நர்சம்மா கேட்டார்.

“ஏனுங்க, மார்கழி வந்தா உங்க ஊருல ஒருத்தருக்கும் பிரஷர் இருக்காதா?”

“மார்கழில ஊருல ஆளே இருக்காதே கண்ணு” என்றது அத்தை.

பிறகுதான் எந்த மாதம் எந்த வீட்டுக்காரர்கள் எங்கே இருப்பார்கள் என்று கேட்டு அதையும் ஏற்றினார். அடுத்த பறிப்பில் மாத்திரை லயன் வீட்டுக்கே வந்தது. டாக்டர் வேன் வாரநாளில் வந்துகொண்டிருந்தது. கூலி போய்விடும் என்று யாரும் போக மாட்டோம். அதையும் மேலே இருக்கிறவர்களிடம் காட்டிப் பேசி, எல்லோரும் சாமான் வாங்க வருகிற ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு மாற்றச் செய்தார். கருவாட்டையும் உப்பையும் குறைக்கச் சொன்னார். அதை மட்டும் நாங்கள் அரைகுறையாகத்தான் கேட்டோம்.

இனி, என் மனைவிக்கு இரண்டு புருஷன் வந்த கதை.

ஒரு நாள் காலையில் நர்சம்மா வந்து, டேப்பைப் பார்த்தபடியே யோசித்துக்கொண்டிருந்தார். நான் ஏணி கட்டிக்கொண்டிருந்தேன். மிளகு பறிக்க மூங்கில் ஏணி வேண்டும். பெண்கள் நாலைந்து பேர் வாசலில் இருந்தார்கள்.

“அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. என்ற டப்பாவுல உங்களுக்கு ரெண்டு ஊட்டுக்காரரு இருக்கறாங்க” என்றார்.

வாசலே அதிர்ந்தது. “ஆத்தாடி, ஒண்ண வெச்சே அவ பேச ஆளில்லாம இருக்கறா, இன்னொண்ணு எங்கிருந்து வந்துது?” என்று அத்தை தலையில் கை வைத்தது. நான் ஏணிக்குப் பின்னால் மறைந்துகொண்டேன்.

விஷயம் இதுதான். அதற்கு முந்தைய வருடம் என் மனைவி கரடியூர்ப் பக்கம் இருக்கிற தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அங்கே கையில் கட்டி வந்து, அவள் அண்ணன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கிறான். ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் முகமெல்லாம் வீங்கி, தொண்டை அடைத்து, மூச்சு இழுத்துவிட்டது. டாக்டர் அங்கேயே இருந்ததால் வேறு ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார். அந்த மருந்து இனிமேல் ஆகாது என்று ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை மச்சான் வீட்டு ஓட்டுக்கு அடியில் செருகி வைத்ததில், மழையில் கூழாகிவிட்டது. மருந்தின் பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது. “ஒரு ஊசி அவளுக்குச் சேரல” என்று மட்டும் தெரியும்.

அந்த ஆஸ்பத்திரியில் பதிகிற பெண் இவளிடம் புருஷன் பெயரைக் கேட்டிருக்கிறாள். எங்கள் ஊர்ப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். ரேஷன் கடையிலும் சொல்ல மாட்டார்கள், போலீஸ் வந்து கேட்டாலும் சொல்ல மாட்டார்கள். இவள் கொஞ்ச நேரம் சிரித்திருக்கிறாள். அண்ணன் அந்த நேரம் டீ குடிக்கப் போயிருந்தான். விடாமல் கேட்கவும், “பெரியவனோட அப்பா” என்று சொல்லி எங்கள் மூத்த மகன் பெயரைச் சொல்லியிருக்கிறாள். பதிகிற பெண்ணுக்கு வேலை அவசரம். புருஷன் பெயர் என்ற இடத்தில் என் மகன் பெயர் ஏறிவிட்டது. ஊர் அவள் அம்மா வீட்டு ஊராகிவிட்டது. எந்த ஆஸ்பத்திரியில் எழுதினாலும் நர்சம்மாவின் டேப்புக்கும் வந்துவிடும். ஆக, பெயரும் வயதும் ஒன்றாக இருந்தும், ஒரே பெண் அதில் இரண்டு ஆளாகிவிட்டாள். கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறவள் ஒருத்தி. ஊசி சேராதவள் இன்னொருத்தி. ஒருத்தியைப் பற்றி மற்றவளுக்குத் தெரியாது.

இதைக் கேட்டதும் நர்சம்மா சிரிப்பை நிறுத்திவிட்டார். “அக்கா, இது வெளையாட்டு இல்ல. நாளைக்கு ஒரு ஆத்திர அவசரம்னா எந்த அக்காவ அவங்க பாப்பாங்க?” என்றார். பிறகு என் மனைவியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார்: “இந்த ரெண்டையும் ஒண்ணாச் சேக்கட்டுங்களா? உங்களுது. நீங்க சரின்னாத்தான் மேல எழுதிக் கேப்பன்.”

என் மனைவி சரி என்றாள்.

“ஊட்டுக்காரரு பேரு?”

இவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

வேறு யாராக இருந்தாலும் “இந்தக் காலத்துல இப்படியா?” என்று ஒரு பாட்டுப் பாடியிருப்பார்கள். நாங்கள் அதை நிறையக் கேட்டிருக்கிறோம். அந்த அம்மா சொன்னது வேறு. “நீங்க சொல்ல வேண்டாமுங்க. நான் சொல்றன். சரியா இருந்தா சிரிங்க.” என் பெயரைச் சொன்னார். என் மனைவி சிரித்தாள். வெட்கத்தில் எனக்குத்தான் காது சூடாகிவிட்டது.

அதோடு விடவில்லை. இவளுக்கு நடந்தது மற்றவர்களுக்கும் நடந்திருக்கும் என்று வீடு வீடாகப் போனார். நினைத்தபடியே பல பெண்கள் இரண்டாக இருந்தார்கள். ஒருத்திக்கு மாமனாரே புருஷனாக ஏறியிருந்தார். அதைச் சொல்லிச் சொல்லி அத்தை ஒரு மாதம் சிரித்தது. நர்சம்மா பெயரைச் சொல்வார், பெண்கள் சிரிப்பார்கள், அவர் சரிசெய்துகொண்டே போவார். நாலு ஆண்களுக்கு ஒரே பெயர் இருப்பதால் வீட்டையும் அடையாளமாக எழுதினார். கதவு எண்ணை எழுதவில்லை. நாங்கள் சொல்கிறபடியே, தொட்டிக்கார ஊடு, மேட்டு ஊடு என்று எழுதினார்.

போகும்போது என்னிடம் வந்தார். நான் ஏணிக்குப் பின்னால்தான் இருந்தேன். “அண்ணா, நீங்க பேச மாட்டீங்கன்னு தெரியும். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ரெண்டே ரெண்டு சொல்லுங்க. உங்க ஊர் பேரு, உங்க பேரு. மத்தத இது சொல்லிக்கும்” என்று டேப்பைத் தட்டிக் காட்டினார். நான் தலையாட்டினேன்.

அடுத்த தையில்தான் அது நடந்தது.

சரிவில் பழம் பறித்துக்கொண்டிருந்தபோது என் மனைவி கால் வழுக்கி விழுந்தாள். கவாத்தில் வெட்டிவிட்ட காப்பிச் செடியின் கட்டை முழங்காலுக்குக் கீழே கிழித்துவிட்டது. எங்கள் பக்கத்தில் காயத்துக்கு முதல் மருந்து காப்பித்தூள். அள்ளி அப்பித் துணி கட்டி, மறுநாளும் வேலைக்கு வந்தாள். “ஆஸ்பத்திரிக்குப் போலாம்” என்று நான் சொன்னால், “பறிப்பு முடியட்டுமுங்க, இது ஒரு காயமா?” என்பாள். உள்ளே சீழ் வைத்தது எங்களுக்குத் தெரியவில்லை. நாலைந்து நாளில் கால் வீங்கித் தொடைவரை சிவந்துவிட்டது. ஒரு நாள் காலையில் காய்ச்சலில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. பேச்சு குழறியது. என்னைப் பார்த்து அவள் அண்ணன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அப்போதுதான் ரைட்டரிடம் ஓடினேன்.

ரைட்டர் எஸ்டேட் ஜீப்பைக் கொடுத்தார். ஏற்காட்டு ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றி, “விஷம் ரத்தத்துல ஏறியிருக்குது, கீழ கொண்டு போங்க” என்று ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். மலை இறங்கும்போது ஒவ்வொரு கொண்டைஊசி வளைவிலும் அவள் தலை என் மடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டது. மகன் திருப்பூரில் வேலையில் இருந்தான். அவன் வந்து சேரச் சாயங்காலம் ஆகும். மலையில் எங்களுக்காகப் பேசுகிறவள் மடியில் நினைவில்லாமல் கிடந்தாள். பேசத் தெரியாதவன் உட்கார்ந்திருந்தேன்.

சேலத்து ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு சந்தைபோல இருந்தது. அவளைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோனார்கள். சின்ன வயது டாக்டர் ஒருவர் காலைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டார்.

“சுகர் இருக்கா?”

தலையாட்டினேன்.

“பிரஷர்?”

தலையாட்டினேன்.

“இதுக்கு முன்னாடி ஏதாவது மருந்து, ஊசி ஒத்துக்காமப் போயிருக்கா?”

அதற்கும் தலையாட்டினேன்.

“எல்லாத்துக்கும் ஒரே மாதிரி ஆட்டறீங்களே! இருக்கா, இல்லையா? வாயத் திறந்து சொல்லுங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கு நேரம் இல்லை, அவ்வளவுதான். சொல்ல வேண்டியது என் நெஞ்சில் இருந்தது. ஓர் ஊசி சேரவில்லை, முகம் வீங்கியது, மூச்சு இழுத்தது. எல்லாம் தெரியும். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. எத்தனையோ தடவை பேசாமல் இருந்திருக்கிறேன். பேசாததால் ஓர் உயிர் போகும் என்கிற இடத்தில் அன்றைக்குத்தான் நின்றேன். டாக்டர் ஒரு கணம் பார்த்துவிட்டு, “சரி, போய்ப் பதிஞ்சிட்டு வாங்க, சீக்கிரம்” என்று கையைக் காட்டினார். திரும்பும்போது பார்த்தேன். ஒரு நர்ஸ் மருந்துக் குப்பியை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

பதிகிற இடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண். என் மகன் வயது இருக்கும். “பேஷண்ட் பேரு?” என்று கேட்டாள். நாங்களும் பெண்டாட்டி பெயரை வெளியில் சொல்லிப் பழகியவர்கள் இல்லை. அந்தப் பழக்கம் வேறு குறுக்கே வந்தது. பின்னால் நின்றவர், “ஏனுங்க, சட்டுனு சொல்லுங்க” என்று தோளைத் தட்டினார். அப்போதுதான் நர்சம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. ரெண்டே ரெண்டு.

ஊர் பெயரைச் சொன்னேன். என் பெயரைச் சொன்னேன்.

அவள் தட்டிப் பார்த்தாள். “இந்தப் பேர்ல உங்க ஊர்ல நாலு பேர் இருக்காங்களே” என்றவள், திரையைப் பார்த்து எழுத்துக்கூட்டுவதுபோல நிறுத்திப் படித்தாள். “தொட்டிக்கார ஊடு… மேட்டு ஊடு… பலாமரத்து ஊடு… இன்னொண்ணும் இருக்கு. இதுல நீங்க எதுங்க?”

எனக்கு என்ன ஆயிற்று என்று சொல்லத் தெரியவில்லை. மலைக்குக் கீழே, அத்தனை கூட்டத்தில், என்னை ஒருத்தருக்கும் தெரியாத இடத்தில், முன்பின் பார்த்திராத ஒரு பெண் வாயில் என் வீட்டுப் பலாமரம் வந்துவிட்டது. “ஊடு” என்றே சொன்னாள். நாங்கள் சொல்கிறபடி.

“பலாமரத்து ஊடுங்க. நாந்தானுங்க” என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன்போல. பின்னால் இருந்தவர் தள்ளி நின்றுகொண்டார்.

அவள் திறந்து பார்த்தாள். பார்த்ததும் முகம் மாறியது. “அவங்களுக்கு என்ன ஊசி போடறாங்க?” என்று கேட்டபடியே நாற்காலியை விட்டு எழுந்து, பக்கக் கதவைத் திறந்து உள்ளே ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். “டாக்டர், அந்தக் கால் பேஷண்ட்… சிவப்புல போட்டிருக்கு பாருங்க, அந்த வகை மருந்து கூடாது, மூச்சு அடைச்சிருக்கு” என்று சொன்னாள். டாக்டர் அங்கிருந்த திரையில் திறந்து பார்த்தார். நர்ஸ் கையில் இருந்த ஊசியை வாங்கித் தட்டில் வைத்தார். வேறு மருந்தின் பெயரைச் சொன்னார். கொதிப்பு மாத்திரை என்ன, எவ்வளவு என்றும் அதிலேயே பார்த்துக்கொண்டார். என்னிடம் அதற்குப் பிறகு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. என் தோளில் கையை வைத்து, “அண்ணா, உட்காருங்க. உங்க வீட்டம்மாவப் பத்தி எங்களுக்குத் தெரிஞ்சிருச்சு” என்று மட்டும் சொன்னார்.

பிறகு ஒருநாள் அவரே விளக்கினார். அப்போது கையில் எடுத்திருந்தது அவளுக்குச் சேராத அதே வகை மருந்துதானாம். முதலில் கொஞ்சமாகப் போட்டுத்தான் பார்ப்பார்களாம். ஆனால் அவள் இருந்த நிலையில் அந்தக் கொஞ்சத்தையே தாங்கியிருப்பாளா என்பது சந்தேகம் என்றார். எனக்கு உடனே தோன்றியது இதுதான். பதிவு பழையபடி இரண்டாகவே இருந்திருந்தால், என் பெயரைச் சொன்னதும் வந்திருப்பவள் கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறவள் மட்டும்தான். ஊசி சேராதவள் என் மகன் பெயரில், வேறு ஊரில், யாரும் தேடாத மூலையில் கிடந்திருப்பாள்.

காலைக் கிழித்துச் சீழை எடுத்தார்கள். சில நாள் நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. ஒரு காலையில் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, “ஏனுங்க, கோழிக்குத் தீனி போட யாரு இருக்கறா?” என்று கேட்டாள். வார்டுக்கு வெளியே போய் நின்று அழுதேன். அன்று மத்தியானம் நர்சம்மா மகனுடைய போனில் கூப்பிட்டார். அவருடைய டேப்பிலும் செய்தி வந்திருக்கிறது, நடந்ததை மகனும் சொல்லியிருக்கிறான். “அண்ணா, பேசிட்டீங்களாமே!” என்றார். நான் “உம்” என்றேன். அதற்கு மேல் வரவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

அந்த நர்சம்மா இப்போது எங்கள் மலையில் இல்லை. மாற்றலாகிப் போய்விட்டார். போகிற அன்று ஊரே ரோடு வரைக்கும் வந்தது. அத்தை அவர் ஸ்கூட்டரின் முன்னால் நின்றுகொண்டு, “இனி வர்றவ மறுபடியும் மொதல்ல இருந்து ஆரம்பிப்பா. எனக்கு இன்னொரு நாலு வயசு ஏத்துவா” என்று புலம்பியது. எனக்கும் அந்தப் பயம்தான் இருந்தது. நல்ல மனுஷர் போனால் நல்ல காரியமும் கூடவே போய்விடும் என்பது நாங்கள் பார்த்துப் பழகியது.

புதிதாக ஒரு பெண் வந்தார். இவரும் பலாமரத்தடியில் உட்கார்ந்து டேப்பைத் திறந்தார். என் மனைவியை அதுவரை பார்த்தது கிடையாது. “அக்கா, கால் இப்ப மரத்துப்போறது இருக்குங்களா? நின்னு பறிக்க முடியுதா?” என்று கேட்டார். பிறகு திரையில் எதையோ படித்துவிட்டுச் சிரித்தார். “இங்க ஒண்ணு எழுதி வெச்சிருக்காங்க. ஊட்டுக்காரரு பேரைக் கேக்காதீங்க, நீங்களே சொல்லுங்க, அக்கா சிரிப்பாங்க, அப்படின்னு.” என் பெயரைச் சொன்னார். என் மனைவி சிரித்தாள். அத்தை பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்து, “என்ற வயசு என்ன போட்டிருக்குது?” என்று கேட்டது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்த வருடம் ஆனியில் எங்கள் பலா நன்றாகப் பழுத்தது. வாசம் ரோடு வரைக்கும் வந்தது. ஒரு பழத்தை இறக்கிச் சாக்கில் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு, ஒண்டிக்கடை நிறுத்தத்தில் பஸ் ஏறிச் சேலத்துக்குப் போனேன். தனியாகத்தான் போனேன். பஸ்ஸில் எல்லோரும் என்னையும் சாக்கையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரி நிறுத்தம் வந்ததும் “நிறுத்துங்க” என்று சொல்லி இறங்கினேன். வாசல் காவலாளி, “என்னய்யா, பலாப்பழத்துக்கு வைத்தியமா?” என்று கேட்டுவிட்டு உள்ளே விட்டார். அதே கண்ணாடி, அதே பெண். வரிசையில் நின்று என் முறை வந்ததும் சாக்கைக் கீழே இறக்கினேன். அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை முகம் பார்க்கிறாள். “பேஷண்ட் பேரு?” என்று நிமிராமலே கேட்டாள்.

“பலாமரத்து ஊடுங்க” என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். சாக்கைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “அக்கா நல்லா இருக்காங்களா?” என்று கேட்டுக்கொண்டே எழுந்து வெளியே வந்துவிட்டாள். “நொம்ப நல்லா இருக்கறாளுங்க. இதை அவதான் குடுத்து உட்டா” என்று நானும் பதில் சொன்னேன்.

என் மனைவி என் பெயரை இன்றைக்கும் சொல்வதில்லை, நானும் சொல்லச் சொல்வதில்லை. ஆனால் காலையில் வாசலுக்கு வந்து பலாமரத்தைப் பார்க்கும்போதெல்லாம், எங்களை மாற்றச் சொல்லாமல் நாங்கள் இருக்கிறபடியே எங்களை எழுதிவைத்த ஒரு கை மலைக்குக் கீழே வரைக்கும் எங்களோடு வந்தது என்ற நினைப்பு வருகிறது, நெஞ்சு நிறைந்துபோகிறது.